அறுபத்தொன்றில் நின்ற அப்டேட்

கடலூர் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டே எங்கள் ஊர் வயர்லெஸ் பெட்டியை நான்தான் சாகடித்தேன். இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது.

2009, ஐப்பசி. சிதம்பரத்துக்குக் கிழக்கே ஆறு மீனவ ஊர்களில் எங்கள் கம்பெனி கோபுரம் நட்டு வயர்லெஸ் வைத்திருந்தது. கரையில் ஒருவர் மைக்கில் பேசினால் கடலில் இருக்கும் படகுகளுக்குக் கேட்கும்; அவர்கள் பேசினால் கரைக்கும் கேட்கும். செல்போன் எடுக்காத தூரத்தில் அது ஒன்றுதான் வழி. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சிப் இருந்தது. அது என்ன வேலை செய்ய வேண்டும் என்பதை ஒரு ஃபைல் தீர்மானிக்கும். அந்த ஃபைலைக் கடலூரிலிருந்தே நெட்வொர்க் வழியாக மாற்றலாம் என்பதில் கம்பெனிக்குப் பெரிய பெருமை.

ஆறாவது ஊர் என்னுடையது. அங்கே மைக்கில் உட்காருவது என் அக்கா. மாமா, அதாவது அவள் புருஷன், பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு அன்று விடியுமுன்பே ஃபைபர் படகில் போயிருந்தார்.

பெட்டியில் இரண்டு ஃபைலுக்கு இடம் உண்டு. புதியது கெட்டால் பழையதை வைத்து ஓடும். "புது ஃபைல் பெருசு. பழச அழிச்சிட்டு ரெண்டு எடத்துலயும் சேத்து ஏத்து" என்றார் சென்னையிலிருந்து மேனேஜர். அது தப்பு என்று எனக்குத் தெரியும். "சரி சார்" என்றேன்.

ஐந்து ஊர் முடிந்தது. எங்கள் ஊர் அறுபத்தொரு சதவீதத்தில் நின்றது. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"பொட்டி என்னா பண்ணுது?"

"செவப்பு லைட்டு வுட்டு வுட்டு எரிஞ்சிதுடா. நீ சொன்ன மாதிரி சுச்ச ஆஃப் பண்ணி, பத்து எண்ணிட்டுப் போட்டேன். இப்ப ஒண்ணுமே எரியல."

நான் சொன்னதுதான். பெட்டி மக்கர் பண்ணும்போதெல்லாம் பஸ் ஏறிப் போகச் சோம்பல்பட்டு நானே சொல்லிக்கொடுத்தது. அப்டேட் ஓடும்போதும் அதே சிவப்பு விளக்குதான் எரியும் என்று சொல்லவில்லை. அன்றைக்கு அப்டேட் என்றே சொல்லவில்லை.

"பொட்டி கெடக்கட்டும். வாடக்காத்து ஏறிக்கினே போவுது. எல்லாரையும் கரைக்குக் கூப்புடச் சொல்லி மீன் ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சி. எதுலடா கூப்புடறது?"

பக்கத்து ஊர்க் கோபுரம் வேறு சேனல், எங்கள் படகுகளுக்குக் கேட்காது. பெட்டியில் நேரடியாகக் கேபிள் மாட்டி ஃபைலை ஏற்றினால்தான் அது எழும். கேபிள் சிதம்பரம் கிளை அலுவலக பீரோவில் இருந்தது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். புதுச்சத்திரத்தில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார்.

"அண்ணே, அவசரம்ணே."

"எல்லாருக்கும் அவசரந்தான் தம்பி. போய் ஒக்காரு."

சிதம்பரத்தில் பீரோ சாவியோடு கிளார்க் சாப்பிடப் போயிருந்தார். போன் எடுக்கவில்லை. பக்கத்துப் பட்டறையில் சுத்தியல் வாங்கிவந்து பூட்டை உடைத்தேன். "மெமோ குடுப்பாங்க சார்" என்றார் ஆபீசைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மா. குடுக்கட்டும் என்று ஆட்டோ பிடித்தேன்.

கிள்ளையைத் தாண்டும்போதே ஆட்டோவைக் காற்று தள்ளியது. வயர்லெஸ் ரூமில் அக்கா செத்த மைக்கின் பட்டனை அமுக்கி அமுக்கிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் பெண்கள் நின்றார்கள். மாமாவோடு போனவரின் மனைவி, பக்கத்து வீட்டு அக்காவும் நின்றாள். எனக்கு வழி விட்டார்கள்.

ஃபைல் ஏற இருபது நிமிடம். பெட்டி எழுந்தது.

"எல்லாரும் கரைக்கு வாங்க. வாடை ஜாஸ்தியாவுது. கரைக்கு வாங்க."

ஒவ்வொரு குரலாக வந்தது. "வரோம், வரோம்." "எம்மா நேரமாக் கூப்புடறோம், எங்க போயிட்டீங்க?" எட்டுப் படகில் ஏழு பேசின. மாமா பேசவில்லை.

ஏழில் ஒருவர் சொன்னார்: "அவுரு எம் பக்கத்துலதான் இருந்தாரு. காத்தப் பாத்துட்டுக் கரையக் கூப்புட்டாரு. கரை ஒண்ணும் சொல்லல. அப்ப பயமில்லன்னு இன்னும் கெழக்கப் போயிட்டாரு."

எங்கள் ஊர் வழக்கம் அது. கரை பேசாமல் இருந்தால் கடல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

அக்கா மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினாள். "ஆம்பளைங்க கடல்ல இருக்கசொல்ல ஏன்டா அதுல கைய வச்ச?"

கம்பெனியில் அப்டேட் நேரம் காலை பத்திலிருந்து மாலை ஐந்து. அந்த நேரத்தில் படகு எங்கே இருக்கும் என்று ஒருத்தனும் கேட்டதில்லை. அந்த ஊரில் பிறந்த நானும் கேட்டதில்லை.

மறுநாள் மதியம், தெற்கே வேறொரு ஊர்க் கரையில் மாமா நீந்தி ஏறினார். பக்கத்து வீட்டுக்காரர் ஏறவில்லை.

பத்து நாள் கழித்து மேனேஜர் ஒரு ரிப்போர்ட் அனுப்பினார். உள்ளூர் ஆப்பரேட்டர் மின்சாரத்தை நிறுத்தியதால் கோளாறு, கீழே என் கையெழுத்து வேண்டும். அதைக் கிழித்துப்போட்டேன். சுவிட்சை அணைக்கச் சொல்லிக்கொடுத்தது நான், பழைய ஃபைலை அழித்தது நான், அழிக்கச் சொன்னது இவர் என்று கையாலேயே எழுதினேன். ஒரு பிரதியைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, இன்னொன்றைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. நீயே படி."

படித்தேன். முடித்ததும், இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.