கோழி இறகும் லாரி டியூபும்

அந்த ஏரியை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏரி மேல் கோபமில்லை, அது பாட்டுக்குக் கிடந்தது. கோபமெல்லாம் அதன் கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் மேல். என் மச்சான் மேல் உள்ளதைத் தனிக் கணக்காக வைத்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். புதுச்சத்திரத்தில் ரோட்டோரம் பஞ்சர் கடை போட்டிருந்தேன். பிறந்து வளர்ந்தது சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில். அங்கே தண்ணீர் என்றால் குழாயில் வருவது. அதன் அதிகபட்ச ஆழம் ஒரு பக்கெட். பெண் எடுத்த இந்தப் பக்கத்திலோ, பிள்ளைக்குப் பல் முளைத்ததும் கிணற்றில் தூக்கிப் போட்டு நீச்சல் பழக்கிவிடுவார்கள். எனக்கு நீச்சல் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக் கிணற்றில் குதிக்கச் சொன்னபோது எனக்கு உடனே காய்ச்சல் வந்ததும் தெரியும்.

ஏரி மீன் வருஷாவருஷம் ஏலம் போகும். யார் எடுத்தாலும் ஒரு வழக்கம் உண்டு. வலை குத்தகைக்காரருடையது, ஒற்றைத் தூண்டில் ஊருடையது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஒருவர் போய்க் கரையில் உட்கார்ந்து, குழம்புக்கு ஆகிற அளவு பிடித்து வரலாம். அந்த வருஷம் எடுத்தவர் சேலத்தில் பணக்காரர்கள் குடியிருக்கிற ஃபேர்லேண்ட்ஸில் இருந்தார். ஏரியை அவர் பார்த்தாரோ இல்லையோ, ஒரு காவல்காரரையும் ஒரு பரிசலையும் அனுப்பி வைத்தார். காவல்காரர் வந்த முதல் ஞாயிறே கரையில் இருந்த தூண்டில்களை எல்லாம் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்தார். என் எதிர்வீட்டுப் பெரியவர், "ஏனுங்க சாமி, ஒரு கொழம்புக்குத்தானுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஒடிந்த மூங்கிலைக் குனிந்து பொறுக்கிக்கொண்டு நடந்தார். அவர் பாதியாவது கத்தியிருந்தால் எனக்கு அன்று இவ்வளவு எரிந்திருக்காது.

காவல்காரர் விவரமானவர். தூண்டிலைத் தேடி அலைவதில்லை. மண்புழுவுக்கு ஈரமண் தோண்டுகிறவனைப் பார்த்து வைத்துக்கொண்டு, அவன் பின்னாலேயே போவார்.

இந்த நேரத்தில்தான் என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், தூத்துக்குடியிலிருந்து உப்பு லோடு ஏற்றிக்கொண்டு வந்தார். டயரைக் கழற்றிப் போட்டுவிட்டு என் கடை பெஞ்சில் உட்கார்ந்தார்.

"மாப்பள, அங்க உப்பளத்தோரம் கடத்தண்ணி உள்ள வர்ற ஓடையில ஒரு வெள்ளக்காரனப் பாத்தேனுங்க. அவரைக்காயாட்டம் ஒரு படகு, ஒருத்தன்தான் உக்காரலாம். புழுவும் இல்ல, கிழுவும் இல்ல. கொக்கியில எறகக் கட்டிச் சாட்ட மாதிரி முன்னுக்கும் பின்னுக்கும் வீசறான். மீனு அத ஈன்னு நெனச்சுட்டு வந்து கவ்வுது."

"எறகையா?"

"எறகத்தானுங்க. உங்க ஊர்ல எறகுக்கா பஞ்சம்?"

பஞ்சமே இல்லை. சுற்றிலும் கோழிப் பண்ணை, காற்றடித்தால் சோற்றில் இறகு விழும். புழு வேண்டாமென்றால் தோண்ட வேண்டாம். தோண்டாவிட்டால் காவல்காரர் கண்ணில் பட வேண்டாம். கரையில் நிற்காமல் தண்ணீரில் மிதந்தால் அவர் கைக்கும் எட்டாது. படகுக்கு லாரி டியூப் இருக்கவே இருக்கிறது. எதிர்வீட்டுப் பெரியவர் வீட்டில் ஒரு குழம்பு கொதிக்காமல் விடுவதில்லை என்று சொல்லிவிட்டேன். சொன்னது கடையில், லாரிக்காரர்கள் நிறைய இருந்தபோது. வாயை அப்போதே பஞ்சர் ஒட்டியிருக்க வேண்டும்.

ஞாயிறு மத்தியானம், காவல்காரர் சாப்பிட்டுப் படுக்கிற நேரம். பெரிய டியூப் ஒன்றில் காற்றடித்து, குறுக்கே பலகை கட்டி, இறகு கட்டிய தூண்டிலை மடியில் வைத்து, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். காலைத் தொங்கவிடலாம்தான். தண்ணீர்ப்பாம்பு என்று ஒன்று இருக்கிறதே. இரண்டு கையிலும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு துடுப்புப் போட்டேன். சித்திரை மாசத்து ஏரி, அடி தெரியாமல் டீ போலக் கலங்கி இருந்தது. கரையில் ஊரே கூடியிருந்தது. மச்சான் பீடி பற்றவைத்தார்.

நடு ஏரிக்குப் போய், வெள்ளைக்காரனை மனதில் நினைத்து வீசினேன். முதல் வீச்சு நன்றாகத்தான் போனது. இரண்டாவதைப் பின்னால் எடுக்கும்போது ஏதோ மாட்டியது. கை கனத்தது. பெரிய விரால், விட்டுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். கொக்கி டியூபில் ஏறியிருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். டயரில் ஆணி ஏறி வருகிற ஒவ்வொரு டிரைவருக்கும் நான் ஓதுவது ஒன்றே ஒன்று: ஆணியைப் பிடுங்காதே, அதுதான் காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது, கடை வரைக்கும் அப்படியே ஓட்டி வா. பிடுங்கிவிட்டு வந்தவர்களை மனிதராகவே மதித்ததில்லை. அந்த நான், பஞ்சர் கடைக்காரன், என்ன செய்தேன்? பிடுங்கினேன். கொக்கியோடு ஒரு துண்டு ரப்பரும் வந்தது. உஸ் என்றது.

அதன்பிறகு நான் செய்ததை என் மனைவியிடம் இன்றுவரை முழுதாகச் சொன்னதில்லை. ஓட்டையில் கட்டைவிரலை வைத்தேன். எடுத்து நெற்றியைத் துடைத்தேன். மறுபடி வைத்தேன். கற்பூரம் ஏற்றுவதாக ஏழெட்டுச் சாமிகளிடம் சொன்னேன். ஒரே கற்பூரத்தை எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாமா என்றும் அந்த நேரத்தில் யோசித்தேன். பலகை ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகுதான் காப்பாற்றச் சொல்லி அலறினேன்.

கரையில் ஒருவரும் அசையவில்லை. பரிசலில் வந்தவர் காவல்காரர். நிதானமாக வந்தார். எட்டடி தள்ளி நிறுத்தினார்.

"என்னங்கண்ணா, தண்ணி எறங்குதுங்களா, நீங்க எறங்கறீங்களா?"

"ஏத்திக்குங்க சாமி."

"ஏத்தலாமுங்க. இனிமே இந்த ஏரியில தூண்டிலத் தொட மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

"தொட மாட்டேன்."

"கரைக்குக் கேக்கலீங்க."

சூரமங்கலத்தில் ரயில் அறிவிப்புக் கேட்டு வளர்ந்த குரல் எனக்கு. கரைக்கும் கேட்டது, ரோட்டுக்கும் கேட்டிருக்கும். "நானும் தொட மாட்டேன், ஊருல ஒருத்தரும் தொட மாட்டாங்க" என்று கேட்காததையும் சேர்த்துக் கொடுத்தேன்.

"சரிங்க," என்றார். "இப்பக் கால எறக்கி நில்லுங்க."

நின்றேன். தண்ணீர் இடுப்புக்கு இருந்தது.

கரையில் எழுந்த சிரிப்பை என்னால் எழுத முடியாது. காவல்காரரை விடுங்கள், அவர் வாங்குகிற சம்பளத்துக்கு வேலை பார்த்தார். ஆனால் இவர்கள்? எந்தக் குழம்புக்காக நான் உள்ளே போனேனோ அந்தக் குழம்புக்காரர்கள். கோடையில் எந்த இடத்தில் எத்தனை அடி என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒரு வாய் திறக்கவில்லை. டியூப்பை இழுத்துக்கொண்டு பாதி தூரம் நடந்து வந்து மச்சானைக் கேட்டேன்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா எறங்கி நடந்து வந்துருவீங்களே மாப்பள," என்றார், பீடியை அணைத்தபடி.

அப்போது எனக்கு வந்த கோபத்தில் அந்த ஏரியே கொதித்திருக்க வேண்டும். கரையேறவில்லை. அங்கேயே திரும்பி நின்றேன், இடுப்பளவுத் தண்ணீரில். தூண்டில் கையில்தான் இருந்தது. வீசினேன்.

"ஏனுங்க, இப்பத்தானே சத்தமாச் சொன்னீங்க?" என்றார் காவல்காரர்.

"அது முழுகறவன் சொன்னதுங்க. இங்க யாரு முழுகுனா?"

அவர் பரிசலைத் திருப்பினார். அதற்குள் கரையில் சலசலப்பு. எதிர்வீட்டுப் பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்து வந்தார். ஒடிந்த மூங்கிலைச் சணல் சுற்றிக் கட்டி வைத்திருந்தார். வந்தவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "நகருங்க சாமி, நெழலு விழுது" என்றார். பின்னால் இன்னும் நாலைந்து பேர். அவர்களுக்குப் பின்னால், வீட்டுக்கு ஓடித் தூண்டிலோடு திரும்பி வந்து, சிரித்தவர்களில் பாதிப் பேர். எல்லோர் வீட்டிலும் தூண்டில் இருந்திருக்கிறது. பரிசல் ஒன்று, காவல்காரர் ஒருவர். இந்தப் பக்கம் வந்தால் அந்தப் பக்கம் வீசினார்கள். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஞாயிறு அவர் கரைக்கே வரவில்லை. அடுத்த ஏலத்தில், ஒற்றைத் தூண்டில் ஊருக்கு என்று முதலிலேயே சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் ஏலம் கேட்க ஆரம்பித்தார்கள்.

என் இறகில் அன்று மாட்டியது ஒரு கெண்டைக் குஞ்சு. பெரியவரிடம் கொடுத்தேன். அதைத் திருப்பித் தண்ணீரிலேயே விட்டார்.

அதனால் கோபம் தீர்ந்ததா என்றால், இல்லை. அந்த ஏரி மீனைத் தின்றுகொண்டே இன்றும் என் கதையைச் சொல்கிறார்கள். முதல் வருஷம் தண்ணீர் இடுப்பளவு என்றுதான் சொன்னார்கள். பிறகு தொடையளவு ஆனது. போன மாசம் ஒரு கல்யாணப் பந்தியில், என் மச்சான் எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து முழங்கால் என்றார். இன்னும் கொஞ்ச நாளில் நான் காய்ந்த ஏரியில் முழுகிப் போனதாகச் சொல்வார்கள். அதற்கும் அவர்தான் சாட்சியாக இருப்பார்.