புஷ்பவல்லி பெயரில் ஓடும் வண்டி

காலடிப்பேட்டை மார்க்கெட் வாசலில் பதினாறு வருடமாக மீன் விற்கிறவர் புஷ்பவல்லி. காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனை ஷேர் ஆட்டோவில்தான் கொண்டுவர வேண்டும். மீன் தண்ணீர் சொட்டும் என்று பாதிப் பேர் வண்டியை நிறுத்தவே மாட்டார்கள். சொந்தமாக ஒரு லோடு ஆட்டோ இருந்தால் இந்தக் கெஞ்சல் மிச்சம் என்று நாற்பத்தேழு வயதில் ஓட்டக் கற்று லைசென்சும் வாங்கினார். எண்ணூரில் ஒருவரிடம் பழைய வண்டியைப் பேசி முன்பணம் கொடுத்துவிட்டு, பெயர் மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு மகள் சினேகாவுடன் போனார்.

கம்ப்யூட்டரைப் பார்த்த கிளார்க் உதட்டைப் பிதுக்கினார். "உங்க பேர்ல கோர்ட்டு அபராதம் ஒம்பது கட்டாம கீதும்மா. அத்த முடிச்சாத்தான் பேரு மாத்த முடியும்."

"நான் இன்னா சார் தப்பு பண்ணேன்? கோர்ட்டு வாசப்படிய மிதிச்சதே இல்லியே!"

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். பேசின் பிரிட்ஜ் சிக்னலில் எடுத்த படம். நீல நிற மொபெட்டில் மூன்று பையன்கள், ஒருவன் தலையிலும் ஹெல்மெட் இல்லை. பையன்களைப் புஷ்பவல்லிக்குத் தெரியவில்லை. வண்டியைத் தெரிந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஃப்ரெடி என்பவருக்கு அவர் விற்றது. வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்ததோடு சரி, பெயர் மாற்றவில்லை.

"முன்னெல்லாம் கோர்ட்டு லிஸ்ட்டு அவங்ககிட்ட, எங்க லிஸ்ட்டு எங்ககிட்ட. இந்த வருசம் ரெண்டையும் சேத்துட்டாங்க. உங்க பேரத் தட்டுனா எல்லாம் வந்துடுது" என்றார் கிளார்க்.

"நான் வித்துட்டது மட்டும் அதுல வராதா?"

"நீங்க எழுதிக் குடுத்திருந்தாத்தானேம்மா வரும்?"

புஷ்பவல்லி மகளைக் கூட்டிக்கொண்டு ஃப்ரெடியைத் தேடிக் கிளம்பினார்.

கொடுங்கையூரில் ஃப்ரெடியைக் கண்டுபிடித்தார்கள். ஹார்பரில் லோடு விழுந்து உடைந்த காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தார். சண்டை போட வந்த புஷ்பவல்லி, கட்டுப் போட்ட காலைப் பார்த்ததும் தணிந்த குரலில் வண்டியைப் பற்றிக் கேட்டார்.

"சத்தியமா நான் இல்லக்கா. ஆறு மாசம்தான் வச்சிகினு இருந்தேன். அப்பால ஒரு மெக்கானிக்காண்ட தள்ளிவுட்டேன். அவன் கடைய காலி பண்ணிகினு எங்கயோ பூட்டான்."

போலீஸ் ஸ்டேஷனில், "திருடு போனாத்தான் கேஸு. நீயே வித்துட்டு வந்து நின்னா?" என்றார்கள். கோர்ட்டில் ஜன்னல் வழியாகவே, "இது ஆன்லைன் கேஸும்மா, போன்லயே பாத்துக்க" என்று அனுப்பிவிட்டார்கள். சினேகா போனில் தேடினாள். அபராதத்தை மறுக்க வழி இருந்தது. ஆனால் அதற்கு வண்டியை இப்போது வைத்திருப்பவரின் பெயரும் விலாசமும் கேட்டது. அது தெரிந்தால் இந்த அலைச்சலே இல்லையே.

கம்மலை அடகு வைத்து ஒன்பதையும் கட்டினார். மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீசில் அதே கிளார்க் திரையைப் பார்த்துவிட்டு, இந்த முறை புஷ்பவல்லியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "புச்சா ஒண்ணு ஏறிகீதும்மா. மணலி ரோடு, நேத்து சாயங்காலம்."

அதையும் கட்டினார். அடுத்த வாரம் இன்னும் இரண்டு, பணம் கட்டும்போது கொடுத்த போன் நம்பருக்கே மெசேஜாக வந்தன. எண்ணூர்க்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு வண்டியை வேறு ஒருவருக்கு விற்றுவிட்டார். முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. புஷ்பவல்லி மறுபடியும் மீன் டப்பாவோடு ஷேர் ஆட்டோவுக்குக் கை நீட்டினார்.

போன வெள்ளிக்கிழமை திருவொற்றியூர் தேரடி அருகே அந்த மொபெட்டை நேரிலேயே பார்த்தார். நம்பரைப் படித்ததும் டப்பாவை நடைபாதையில் வைத்துவிட்டு ஓடினார்.

"டேய், நில்லுடா! அது என் வண்டிடா!"

ஓட்டியவன் திரும்பிப் பார்த்தான். இருபது வயதுகூட இருக்காது. யாரோ பொம்பளை கத்திக்கொண்டு வருகிறாள் என்று பயந்தவன், சிவப்பு விளக்கைத் தாண்டி முறுக்கிக்கொண்டு போய்விட்டான். புஷ்பவல்லி நடுரோட்டில் மூச்சு வாங்க நின்றார். பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்தார்.

சாயங்காலம் போன் சத்தம் போட்டது. சினேகா எடுத்துப் பார்த்துவிட்டு, "யம்மா..." என்றாள்.

"படிக்காத, வுடு" என்றார் புஷ்பவல்லி.