கல்யாணசுந்தரி கூட்டிச் சொன்ன மழை

என் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். எங்கள் தெருவிலேயே முதலில் வாங்கியவர் கல்யாணசுந்தரி அக்கா. பெத்தன் மாமா மகள். அமராவதிபுதூரில் பஸ் பிடித்துக் காரைக்குடிக்குப் போய்ப் படித்து, வளிமண்டல ஆய்வில் முனைவராகி, சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தவர். அங்கே அவருக்குக் கிடைத்த மரியாதையை நினைத்தால் இன்னும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வானத்தைக் கணினிக்குள் ஓட விடுவது அவர் வேலை. காற்று, ஈரம், தரையின் சூடு எல்லாவற்றையும் எண்களாக்கிக் கொடுத்தால், நாளை எந்த வட்டாரத்தில் எத்தனை மில்லிமீட்டர் மழை என்று அது சொல்லும். மாடல் என்பார்கள். மாவட்டம் முழுவதற்கும் 'ஆங்காங்கே மழை' என்று ஒரே வரியில் கைகழுவுகிறார்களே, அப்படி இல்லாமல் நம் வட்டாரத்துக்கென்று தனியாகச் சொல்லும் மாடல். ஒன்பது வருட உழைப்பு. அதை அரசு முன்னறிவிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

சேர்க்கவில்லை. எங்கள் ஊர் மழைமானிப் பதிவோடு ஒப்பிட்டால் மாடல் மழையைக் கூட்டிச் சொல்கிறதாம். கூட்டத்தில் துறைத் தலைவர் ஸ்ரீநிவாசன், "சொந்த ஊர்ப் பாசத்துல நீங்களே கொஞ்சம் மழையை ஊத்திடறீங்களோ, மேடம்?" என்றாராம். மொத்த அறையும் சிரித்திருக்கிறது. இரண்டு முறை இதே கதை.

அக்கா பிழைகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தார். பத்துப் பதினைந்து நாள் காய்ந்து கிடந்து பெய்யும் முதல் மழையன்று மட்டும்தான் மாடல் தப்பியது. மற்ற நாளெல்லாம் சரியாக இருந்தது. விடுப்புப் போட்டு ஊருக்கு வந்தார். "வண்டிய எடுடா, மழைமானியப் பாத்துட்டு வருவோம்" என்றார்.

அரசு வளாகத்தின் மூலையில் அது இருந்தது. மேலே புனல், உள்ளே பாட்டில். காலை எட்டரைக்குத் தேங்கியதை அளந்து நோட்டில் எழுத வேண்டும். எழுதுவது அங்கே கூட்டிப் பெருக்கும் சிட்டாள் என்ற அம்மா.

"காஞ்சு கெடந்து பெய்யுற மொத மழையன்னைக்கு எவ்வளவு எழுதுவீக?" என்று அக்கா கேட்டார்.

"சைபர்தான் தாயி. அத ஊத்திருவேன்ல."

"எதுக்கு ஊத்துறீக?"

"நல்லாருக்கே கத! மொத மழைத் தண்ணிய யாராச்சும் புடிப்பாகளா? தூசியும் தும்புமா வரும். எங்கம்மா ஒரு பெரிய வீட்டு ஆச்சிகிட்ட, முத்தத்து வளவுல வேல பாத்துச்சு. அங்கயும் மொத மழைய விட்டுட்டு, மறு மழைக்குத்தான் அண்டாவ வைப்பாக. நானும் ஊத்திக் கழுவிட்டு அடுத்த மழையில இருந்து அளக்குறேன். உள்ள பாருங்க, எம்புட்டுச் சுத்தமா வச்சிருக்கேன்னு!"

"அளக்க யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொன்னா? இந்தா நோட்டு, எழுதுன்னாக. சாரு வருசத்துக்கு ஒருக்க வந்து எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டுட்டுப் போவாக. வெயிலுன்னு இங்குட்டு எட்டிக்கூடப் பாக்க மாட்டாக. நான் பதினோரு வருசமா தீவாளி, பொங்கல்னு ஒரு நாள் விட்டதில்ல."

அக்கா மழைமானி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பதினோரு வருட முதல் மழை அந்த மண்ணுக்குள் போயிருந்தது.

அன்று மாலை ஸ்ரீநிவாசனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"பிரமாதம் மேடம்! துப்புரவுப் பணியாளரின் அலட்சியத்தால் பதிவில் பிழைன்னு ஒரு வரி எழுதுங்க. மாடலை இந்த மாசமே சேர்த்துடறோம்."

"பாக்காமக் கையெழுத்துப் போட்ட அதிகாரி, சார்?"

"அவரை ஏன் இழுக்கறீங்க? ஃபைல் நின்னுடும்."

"அந்தப் பதிவ நம்பித்தானே ரெண்டு தடவ என்னைப் பாத்துச் சிரிச்சீங்க? ஒரு தடவயாவது யாராவது வந்து பாத்தீங்களா?"

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

நான் சும்மா இருந்திருக்கலாம். "ஒரு வரிதானேக்கா, எழுதிட்டா என்ன?" என்றேன்.

"எழுதுனா அந்தம்மாவ மறுநாளே நிப்பாட்டிருவாய்ங்கடா. இத்தன பேருல தெனம் வேலைக்கு வந்தது அது ஒண்ணுதான். படிச்சவன்தானடா நீ?"

நான் போய் அவர் எழுத மேசையை ஒழித்துக் கொடுத்தேன்.

அறிக்கையில், பார்க்காமல் நோட்டில் கையெழுத்துப் போட்ட அதிகாரியின் பதவியை எழுதினார். பயிற்சி தராமல் நோட்டை நீட்டியதை எழுதினார். சரிபார்க்காத தன் நிறுவனத்தையும், சொந்த ஊர் மழைமானியை ஒன்பது வருடம் வந்து பார்க்காத தன்னையும் எழுதினார். சிட்டாளின் பெயர் எங்கும் இல்லை. 'தேவையற்ற பகுதிகளை நீக்கவும்' என்று அறிக்கை திரும்பி வந்தது. ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இதற்குத்தான் சம்பளம் வாங்குகிறார்கள்.

போன செப்டம்பரில், இரண்டு வாரம் காய்ந்து கிடந்த பிறகு, மாடல் எங்கள் வட்டாரத்துக்கு அறுபது மில்லிமீட்டர் என்றது. அரசு அறிவிப்பு 'லேசான தூறல்' என்றது. அக்கா போனில் கத்த, நான் தெருத்தெருவாகப் போய்ச் சொன்னேன். "டிவியில சொல்லாததையா பெத்தன் மக சொல்லிருச்சு?" என்று சிரித்தார்கள். களத்தில் காய்ந்த கடலை மறுநாள் காலையில் மிதந்தது. அக்கா சொல்லிக் கொடுத்திருந்தபடி, சிட்டாள் இம்முறை அந்த முதல் மழையை ஊற்றவில்லை. ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர் என்று நோட்டில் எழுதினார்.

அந்த எண்ணையும் சேர்த்து அக்கா அறிக்கையை மறுபடி அனுப்பியிருக்கிறார். நீக்கச் சொன்ன பகுதிகளில் ஓர் எழுத்தைக்கூட அவர் தொடவில்லை.