மூணு ஓட்டை பிளக்கும் ஆரோக்கியமேரி வூடும்

வயரிங் வேலையில் கரன்ட்டைச் சமாளித்துவிடலாம், வீட்டுக்காரரைத்தான் முடியாது. சட்டைப்பையில் டெஸ்டரோடு திரிகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நல்லம்பள்ளிப் பக்கம் சவரிமுத்துவின் புது வூட்டில் நான் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

பூரிக்கட்டை

சவரிமுத்து சம்சாரம் ஆரோக்கியமேரி. பழைய வூட்டில் கிரைண்டர் ஒருநாள் ஷாக் அடித்து அவரைத் தூக்கி எறிந்துவிட்டது. அதிலிருந்து எந்த சுவிட்சையும் கையால் தொடுவதில்லை. தள்ளி நின்று பூரிக்கட்டையால் தட்டுவார். புது வூட்டிலாவது அந்தம்மா பயமில்லாமல் மாவாட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் வந்து வூடு மந்திரிக்கிறார்; அதற்குள் வேலை முடிய வேண்டும்.

"எல்லாம் நல்ல வயர், பயப்படாதீங்க" என்றேன்.

"பழைய வூட்டுக்கு வயர் இழுத்தவரும் இதையேதாங்க சொன்னாரு."

அறுத்த பின்

கிரைண்டரைக் கொண்டுவரச் சொன்னேன். பிளக்கில் எர்த் பின்னைக் காணோம். பழைய வூட்டில் ரெண்டு ஓட்டை பாயின்ட்தான். நுழையவில்லை என்று சவரிமுத்து ஆக்சா பிளேடால் அறுத்துவிட்டாராம். அந்தம்மாவைத் தூக்கி எறிந்தது யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மேல் ஓட்டை எர்த்துக்கு, கசிகிற கரன்ட் அது வழியாக மண்ணுக்குப் போய்விடும் என்று சொல்லி, புது பிளக் மாட்டினேன். பொறுமையாகக் கேட்டார் மனுஷன்.

"போனு சார்ஜருக்கு ரெண்டு காலு போதுதுங்க. இதுக்கு மட்டும் எதுக்குங்க மூணு?"

எர்த் குழி

வூட்டுக்குப் பின்னால் குழி வெட்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் கொட்டி மூடினேன். மறுநாள் போனால் பைப்பில் ஆடு கட்டியிருக்கிறது. குழியைப் பாதி கிளறி, உப்பை நக்கிக்கொண்டு நிற்கிறது. இழுத்த இழுப்பில் எர்த் வயரும் அறுந்து கிடக்கிறது. நான் போட்ட சத்தத்தில் ஆடு நகரவில்லை, சவரிமுத்துதான் வந்தார்.

"உப்பு போட்டது நீங்க. ஆட்ட ஏங்க திட்டறீங்க?"

மந்திரிப்பு

எர்த் வயரை மறுபடி மாட்டிக் குழியையும் மூடியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மெயினை ஆஃப் பண்ணி வைத்தேன். தீர்த்தம் தெளிப்பார்கள் அல்லவா. ஃபேன் நின்றதும் சொந்தக்காரர்களுக்கு வேர்த்துவிட்டது. எவனோ மெயினைப் போட்டுவிட்டான். எனக்குத் தெரியாது. ஆரோக்கியமேரி ஃபாதரைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், "இந்த பிளக்குக்குக் கொஞ்சம் அதிகமாவே தெளிங்க ஃபாதர்" என்றார். ஃபாதரும் தாராள மனசு. பக்கத்தில் நின்ற எனக்கு மேலே ஃபேன் சுற்றுவது அப்போதுதான் கண்ணில் பட்டது. வாயைத் திறப்பதற்குள் 'டப்' என்று மெயின் போர்டில் டிரிப் சுவிட்ச் விழுந்தது. ஃபேன் நின்றது. ஜெபம் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தண்ணி இறங்கியதும் டிரிப் தானாகக் கரன்ட்டை வெட்டிவிட்டது என்று சொல்லி, பாயின்ட்டைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஆரோக்கியமேரி நேராகப் போய் டிரிப்பை விரலால் தூக்கிவிட்டார். அதே விரலால் கிரைண்டர் சுவிட்சையும் போட்டார். நான் பார்த்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"தண்ணி ஊத்துன ஃபாதரையே ஒண்ணும் பண்ணல. மாவாட்டற என்னையா பண்ணிடப் போவுதுங்க?"

பதினோரு நாள் வேலை செய்து நான் வரவழைக்க முடியாத தைரியத்தை, அரை டம்ளர் தண்ணீரை ஊற்றி ஃபாதர் வரவழைத்துவிட்டார்.