பெய்லானும் ஒட்டிக்கொண்ட கூலரும்

தைனான் நகரத்து மீன்சந்தைக்குப் பின்தெருவில், கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் பெயர் முத்திரை யாருக்கு வேண்டுமென்றாலும் பெய்லானிடம்தான் வருவார்கள். பிள்ளை பிறந்தால் ஒன்று, வங்கிக்கணக்குக்கு ஒன்று, வீடு வாங்கினால் ஒன்று. ஊருக்கே செதுக்கிக் கொடுத்தவளின் சொந்த முத்திரை மட்டும் அவள் கையில் இல்லை. புருஷனை விட்டுவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பிய அன்றே, "பத்திரமா இருக்கட்டும்" என்று அம்மா அதை வாங்கி அண்ணன் யுன்ஷாங்கிடம் கொடுத்துவிட்டாள். குடும்பத்தார் முத்திரையெல்லாம் மூத்தவன் இழுப்பறையில் கிடப்பது எங்கள் பக்கத்தில் சகஜம். பெய்லானும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

அந்த முத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒருநாள் காலை யுன்ஷாங் கடைக்கு வந்தான். கடை அப்பாவின் சொத்து, இருவருக்கும் பாதிப்பாதி. பால் தேநீர் விற்கும் ஒரு கூட்டம் அதை நல்ல விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. மத்தியானம் தரகர் வருகிறார்.

"உன் மெஷின்தான் செத்துப்போச்சே. இன்னும் எதைக் கட்டிக்கிட்டு அழற?"

"சாகலை. சூடாகி நின்னுடுது, அவ்வளவுதான்."

அவள் சொன்னது சரி. செதுக்கும் இயந்திரத்தை ஓட்டுவது ஒரு கிழட்டுக் கணினி. அந்த இயந்திரத்தின் மென்பொருள் புதுக் கணினி எதிலும் ஏறாது. கணினியின் பிராசஸர்மேல் அதன் சூட்டைத் தணிக்கக் கூலர் உட்கார்ந்திருக்கும், அலுமினியக் கட்டையும் அதன் தலையில் ஒரு விசிறியுமாக. இரண்டுக்கும் நடுவே தடவிய பசை காய்ந்து காரையாகிவிட்டது. பழையதைத் துடைத்துவிட்டுப் புதுப்பசை தடவினால் போதும். ஆனால் கூலர் கழன்றால்தானே! ரிப்பேர்க்காரன் ஆ-கெங் முந்தின நாளே கையை விரித்துவிட்டான். "அக்கா, இழுத்தா பிராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கிட்டு வரும். அடியில இருக்கற ஊசிக்காலெல்லாம் வளைஞ்சா அப்புறம் குப்பைதான். அந்தப் பாவம் எனக்கு வேணாம்" என்று போய்விட்டான்.

யுன்ஷாங் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "தரகர் வர்றதுக்குள்ள அது ஓடிச்சுன்னா இன்னிக்கு விக்கிற பேச்சை எடுக்க மாட்டேன். ஓடலைன்னா விலைப் பத்திரத்துல உன் முத்திரையை நானே குத்திடுவேன்."

"என் முத்திரையை நீ குத்துவியா?"

"எப்பவும் நான்தானே குத்தறேன்?"

சுருக்கென்று தைத்தது. அது உண்மை என்பதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கணினியைப் படுக்க வைத்துப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். கூலரின் கொக்கியை விடுவித்து அசைத்துப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது.

பின்னால் மொறுமொறுவென்று சத்தம் கேட்டுத் திரும்பினாள். யுன்ஷாங் கையில் பச்சைப் பொட்டலம்.

"அண்ணே! என்ன தின்னுக்கிட்டிருக்க?"

அவன் பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. எங்கள் ஊரில் கணினி இருந்தால் அதன் தலையில் பச்சைப் பொட்டலச் சோளப்பொரி ஒன்று இருக்கும், இயந்திரம் சமத்தாக ஓடுவதற்கு. அதைப் பிரிக்கக் கூடாது, காலாவதித் தேதி தாண்டவிடக் கூடாது. பெரிய பெரிய அலுவலகங்களிலேயே யாரும் அதைத் தொடமாட்டார்கள். இந்த மகானுபாவன் பாதியைத் தின்று தீர்த்திருந்தான்.

"காலைல கஞ்சி குடிக்காம வந்துட்டேன், கை தானாப் போயிடுச்சு. ஏய், இப்ப அதைத் தொடாத! புதுசு வாங்கி வெச்சிட்டு நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்கா? அதுக்குள்ள நீ குத்திட்டுப் போயிடவா? மீதியையும் தின்னு. லஞ்சம் கொடுத்து வேலை வாங்கற பழக்கம் எனக்கில்லை."

கொக்கியைத் திரும்ப மாட்டிக் கணினியை ஓடவிட்டாள். யுன்ஷாங்குக்கு ஒன்றும் புரியவில்லை. "சூடாயிடுமே!"

"ஆகட்டும். அதுக்குத்தான்."

காய்ந்த பசை சூட்டில் இளகும்; அதன் வியாதியே அவளுக்கு மருந்தாயிற்று. சூடேறி அது தானாக அணைந்ததும் மின்வயரைப் பிடுங்கிவிட்டுக் கொக்கியை விடுவித்து, கட்டையை மெதுவாகத் திருகினாள். விடவில்லை. மறுபடி மாட்டினாள், ஓடவிட்டாள், அணையும்வரை காத்திருந்தாள்.

"ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பினா ஒரு நொடியில வந்துடும்" என்று யுன்ஷாங் கையை நீட்டினான்.

"கையை எடு! என் பொருள்ல இனிமே யாரும் கை வைக்கக் கூடாது."

அவள் அப்படிக் கத்தி அவன் கேட்டதில்லை. கை தானாகப் பின்வாங்கியது.

அவள் நேராக இழுக்கவே இல்லை. இறுகிப்போன சிவப்பு மைச்சிமிழின் மூடியைத் திறப்பதுபோல இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று திருகினாள். விரல் சுட்டது, விடவில்லை. சட்டென்று கட்டை நழுவிச் சுழன்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினாள். கூலர் மட்டும் கையோடு வந்தது. பிராசஸர் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

துடைத்து, அரிசியளவு புதுப்பசை வைத்து, கூலரைப் பூட்டினாள். கணினி ஓடியது. யுன்ஷாங் வாசலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அது அணைவதாகக் காணோம்.

பெய்லான் முத்திரை செதுக்கும் கருங்கொம்புத் துண்டு ஒன்றை எடுத்து இயந்திரத்தில் மாட்டிப் பெயரைத் தட்டினாள். ஊசி கீச்சிட்டுக்கொண்டு இறங்கியது.

"யாரோட ஆர்டர்?"

"என்னோடது."

"உன்னுதுதான் என்கிட்ட பத்திரமா இருக்கே?" அவன் கை சட்டைப்பையைத் தடவியது.

செதுக்கி முடித்த முத்திரையைத் தூசி தட்டி, மையில் ஒற்றி, தன் உள்ளங்கையிலேயே குத்திப் பார்த்தாள். எழுத்து பளிச்சென்று விழுந்தது. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள்.

"பதிவு ஆபீசுக்குப் போய் இதைப் பதிஞ்சிட்டு வரேன். அதுக்கப்புறம் உன்கிட்ட இருக்கறது செல்லாது. சும்மா கொம்புத் துண்டு."

"பெய்லான்! தரகர் வந்தா நான் என்ன சொல்றது?"

அவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

"மீதிச் சோளப்பொரியைக் கொடுத்து அனுப்பு."