வராத காற்றுக்கு இறக்கிய இரும்பு

ஆபத்து வருவதற்கு முன்பே அதற்குப் பதில் சொல்லி வைப்பதுதான் ப்ராஜெக்ட் மேனேஜர் பிழைப்பு. பாடத்தில் நான்கு பதில்கள் உண்டு: விலகு, அடுத்தவர் தலையில் கட்டு, குறை, இல்லையென்றால் வருவது வரட்டும் என்று ஏற்றுக்கொள். இதில் ஒன்றை டிக் அடித்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைத்த சக பாவிகளே, இது உங்களுக்காக.

போல்ட்டு

மரக்காணம் உப்பளத்தில் அதன் முதலாளி சலீம் பாய்க்கு இரும்புக் கொட்டகை கட்டிக்கொண்டிருந்தோம். அந்த வருஷத்து உப்பு முழுவதும் பக்கத்திலேயே அம்பாரமாகத் திறந்து கிடந்தது. மழைக்குள் கூரை போட்டால் உப்பு உள்ளே போகும், இல்லாவிட்டால் போச்சு.

அந்தக் கடல் காற்றில் சாதா போல்ட்டு தாங்காது. துருவைக் குறைக்கத் துத்தநாகம் பூசியது வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். சரக்கு வர ஒரு வாரம் தாமதமானது. பாய் கோபப்படவில்லை, கேள்விதான் கேட்டார்.

"ஏம்மா, துரு பத்து வருஷம் கழிச்சு வரும். மழை ஐப்பசியில வருதே?"

கிரேன்

கிரேனை வாடகைக்கு எடுத்தோம். விபத்து நடந்தால் கிரேன்காரர்தான் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினேன். ஆபத்தைக் கைமாற்றியாயிற்று என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. ஃபோர்மேன் ஆரோக்கியசாமியிடம் அதைச் சொன்னேன். மேலே ஏறி போல்ட்டு முடுக்குகிறவர்களில் அவருடைய மருமகனும் ஒருவன்.

"பணம் அவன் கட்டுவான், சரி மேடம். மேலயும் அடியிலயும் நிக்கறது நம்ம ஆளுங்கதானே?"

இறக்கு

கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டங்களான ட்ரஸ்களில் பாதி ஏறியிருந்தபோது புயல் எச்சரிக்கை வந்தது. இழுத்துக் கட்டாத ட்ரஸ் பலத்த காற்றில் ஆளோடு சாயும். ரெண்டு நாள் கிடைத்தால் ஏறிய பாதிக்காவது கூரை ஷீட் போட்டுவிடலாம் என்று பாய் கெஞ்சினார். அவ்வளவு வயதான மனிதர் கெஞ்சுவதைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் ஷீட் போட யாரும் மேலே ஏறக்கூடாது, காற்று வருவதற்குள் நிற்பதையும் இறக்கித் தரையில் போடுங்கள் என்று உத்தரவு எழுதினேன். கையெழுத்துப் போடத்தான் பேனா ஓடவில்லை. பக்கத்தில் நின்ற ஆரோக்கியசாமி மெதுவாகச் சொன்னார்.

"பாய் முகத்தைப் பாக்காம கையெழுத்துப் போடுங்க மேடம். பாத்தீங்கன்னா போட மாட்டீங்க."

மறுநாள்

புயல் ஆந்திரப் பக்கம் திரும்பிவிட்டது. இங்கே ஓலைகூட அசையவில்லை. மழை மட்டும் வந்தது, விடாமல் வந்தது. அம்பாரத்தை மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருந்தோம், தண்ணீரோ பாத்தி நிரம்பி அடியிலிருந்து ஏறியது. முக்கால்வாசி உப்பு வந்த வழியே போய்விட்டது.

பாய் தனியாக நின்றுகொண்டிருந்தார். மறுபடி கேட்டாலும் இறக்கத்தான் சொல்வேன் என்பது எனக்குத் தெரிந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? சற்றுத் தள்ளி, தரையில் கிடந்த ட்ரஸ்மேல் உட்கார்ந்து ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியசாமியின் மருமகன் எதற்கோ சிரித்தான். பாய் அவனையே வெகுநேரம் பார்த்தார்.

"கரைஞ்சது கண்ணுக்குத் தெரியுதும்மா. தப்பிச்சது என்னன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

எங்கள் தொழிலில் சரியான முடிவுக்குக் கிடைக்கிற ஒரே அத்தாட்சி எதுவும் நடக்காமல் போவதுதான், அதைக் காட்டி யாரிடமும் கையெழுத்து வாங்க முடியாது.