ஒன்பதாம் மாத ஊசி

எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்கு எவ்வளவு பொறுமை என்று இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. தம்பிக்கு ஒன்பதாம் மாதத்தில் போட வேண்டிய ஊசியை மூன்று மாதம் போடாமல் இழுத்தடித்தோம். அதற்கு முதல் பழியை அவள் மேல்தான் போட்டோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இறம்பொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு வீடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் லயத்தில், நாலாவது வீடு எங்களுடையது. ஐந்தாவது அத்தையுடையது. அத்தை அப்பாவின் தங்கை. அம்மா கொழும்பில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போயிருந்தார். தம்பிக்கு ஏழு மாதம் முடிந்த வாரம் கிளம்பினார். பால்மா எப்படிக் கரைப்பது, இருமினால் என்ன செய்வது என்று எனக்கும் அத்தைக்கும் ஆயிரம் சொன்னார். அப்பாவிடம் ஒன்றைத்தான் சொன்னார்.

"ஒன்பது மாசத்து ஊசிய மட்டும் மறந்துறாதீங்க."

அப்பா தலையாட்டினார். அம்மா வீட்டில் இருந்தவரை ரெண்டு, நாலு, ஆறு என்று எந்த மாதத்து ஊசியும் தவறியதில்லை. எல்லாவற்றுக்கும் அம்மாவே தூக்கிக்கொண்டு போனார். அப்பா கூடப் போனதே கிடையாது. ஆம்பளைக்கு அங்கே என்ன வேலை என்பார். லயத்தில் மற்ற ஆண்களும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதால் எனக்கு அதில் வித்தியாசமாக எதுவும் படவில்லை.

ஒன்பதாம் மாதம் திருவிழா மாதமாக அமைந்துவிட்டது. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை யாரும் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் வழக்கம். கிளினிக் நடப்பதோ ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், எல்லைக்கு வெளியே. அதிலும் அது அம்மை வராமல் தடுக்கிற ஊசி. "காப்புக் கட்டிட்டு அம்மைக்கு ஊசி போடப் போறதா? ஆத்தா சும்மா விடுவாளா?" என்றார் அப்பா. அதே லயத்தில் இன்னொரு வீட்டார் பூசாரியிடம் போய்க் கேட்டார்கள். பிள்ளை காரியம் என்றால் போகலாம், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். அவர்கள் எல்லையில் ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் போட்டுவிட்டுப் போய்வந்தார்கள். அப்பா பூசாரியிடம் கேட்கவே இல்லை. வருஷம் முழுக்கக் கோயில் பக்கம் தலைகாட்டாத மனிதர் அந்த ஒரு மாதம் பூசாரியையே மிஞ்சிய பக்தராக இருந்தார்.

அடுத்த மாதம் தம்பிக்குச் சளி. சளியோடு ஊசி போடக்கூடாது என்றார் அப்பா. மூக்கு ஒழுகாத குழந்தை எங்கள் மலையில் எங்கே இருக்கிறது? அதற்கடுத்த மாதம் மழை. "நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு" என்று அத்தை என்னிடம் முணுமுணுத்தார். கொழுந்து மலைக்குப் போகாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் அத்தைக்கு அன்றைய பேர் விழாது. பேர் விழவில்லையென்றால் அன்றைய சம்பளமும் இல்லை. இருந்தும் ஒருநாள் கேட்டுப் பார்த்தார்.

"நான் வேணும்னா ஒரு எட்டு தூக்கிட்டுப் போயிட்டு வாறேன்ணே."

அப்பா அத்தையைத் திரும்பிப் பார்த்தார். அத்தை பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நாங்கள் போகவில்லை என்பதால் கிளினிக் எங்களைத் தேடி வந்தது. குடும்பநல மருத்துவிச்சியை நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுவோம். சிங்களப் பெண்மணி. வெள்ளை உடுப்பும் கறுப்புக் குடையுமாக, தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கியே தமிழ் பேசப் பழகியவர். தேயிலைச் செடிகளுக்கு மேலே அந்தக் குடை வருவதை அப்பா தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

"மிஸ்ஸி கேட்டா, தம்பி நானுஓயாவுல பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லு."

சொல்லிவிட்டுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் பின்னால் இருந்த மரக்கறித் தோட்டத்துக்குள் போய்விட்டார். நான் பொய்யை நன்றாகவே சொன்னேன். தேவையில்லாமல், பெரியம்மா அவனுக்குப் புதுக் கம்பளித் தொப்பி வாங்கித் தரப்போகிறார் என்றும் சேர்த்துக்கொண்டேன். மிஸ்ஸி கொடியைப் பார்த்தார். அப்போதுதான் அலசிப் போட்ட தம்பியின் துணிகள் சொட்டிக்கொண்டிருந்தன.

"சரி நங்கி," என்றார். சிங்களத்தில் நங்கி என்றால் தங்கச்சி. "பெரியம்மா வீட்டில இருந்து வந்தா கட்டாயம் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. அடுத்த தோட்டத்தில ரெண்டு பிள்ளைக்கு அம்மை வந்திருக்கு. ஒரு பிள்ளை இன்னும் ஆஸ்பத்திரியில."

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தையின் போனுக்கு அம்மா கோல் எடுத்தார். அம்மை பரவுகிறது என்று கொழும்பு வீட்டு டிவியில் கேட்டிருக்கிறார். ஊசி போட்டாச்சா என்று கேட்டதும் அப்பா, "ஆச்சு, ஆச்சு" என்றார். அம்மா போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"நீ சொல்லு பாப்பா. எந்தக் கையில போட்டாங்க?"

அப்பா என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலது கையிலம்மா."

அந்தப் பக்கம் அம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "எஞ் சாமி" என்றார். மிஸ்ஸியிடம் சொன்ன பொய் எனக்கு விளையாட்டாக இருந்தது. இது அப்படி இல்லை. அம்மாவை ஏமாற்றிவிட்டேன் என்ற வெட்கத்தோடு, அடுத்த தோட்டத்துப் பிள்ளையின் நினைப்பும் வந்து சேர்ந்துகொண்டது. தம்பியின் உடம்பைத் தினமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கொசுக்கடியைக் கண்டு ஒருநாள் அழுதே விட்டேன்.

கடைசியில் எனக்கு ஒரு வழி தெரிந்தது. சொன்னதைச் செய்துவிட்டால் அது பொய்யில்லை அல்லவா? கிளினிக் நாளன்று பள்ளிக்கூடம் போகிற மாதிரி கிளம்பினேன். அப்பாவும் அத்தையும் மலைக்கு ஏறியதும் வீட்டுக்குத் திரும்பி வந்து கிளினிக் அட்டையைத் தேடினேன். அலமாரியில் இல்லை. அப்பா அதை எங்கோ ஒளித்து வைத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அம்மாவின் தகரப் பெட்டியைக் கிளறினேன். அடியில், கல்யாணச் சேலையின் மடிப்புக்குள், ஒரு அட்டை இருந்தது. இளஞ்சிவப்பு நிறம். பெயர் சிங்களத்தில் எழுதியிருந்தது. எனக்குச் சிங்களம் இரண்டாம் மொழிப் பாடத்துப் படங்களுக்குக் கீழே இருக்கும் சொற்களோடு சரி. ஊசி போட்ட கட்டங்களும் எடை ஏறுகிற கோடும் தெரிந்தன. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பகலில் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்குப் போய், அத்தை கூட்டிவரச் சொன்னார் என்று இன்னொரு பொய் சொல்லித் தம்பியை வாங்கினேன். ஒரு பொய்யைத் துடைக்க எத்தனை பொய் வேண்டியிருக்கிறது பாருங்கள். குறுக்குப் பாதையில் இறங்கிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் இடுப்பு விட்டுப்போனது. நாலு இடத்தில் அவனை இறக்கி உட்காரவைத்து ஏற்றிக்கொண்டேன். அவன் தேயிலைக் கொழுந்தைப் பிய்த்துப் பிய்த்து என் தலையில் போட்டு விளையாடினான்.

கிளினிக்கில் அம்மாமார் வாங்குகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நானும் வரிசையில் உட்கார்ந்தேன். என் முறை வந்தபோது மிஸ்ஸி முதலில் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பெரியவர்கள் யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் அட்டையை வாங்கினார்.

"நங்கி, இது பெண் பிள்ளை கார்ட். ஆண் பிள்ளைக்கு நீலம்."

பிறகு பெயரைப் படித்தார். உள்ளே விரித்துக் கட்டங்களைப் பார்த்தார். "அனே" என்று, ஐயோ பாவம் என்கிற மாதிரி மெல்லச் சொல்லி, அட்டையை மூடி மடியில் வைத்துக்கொண்டார். களவாக எடுத்து வந்ததைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்து, அவர் கேட்காமலே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். நானுஓயா, பெரியம்மா, தொப்பி, வலது கை, தகரப் பெட்டி, ஒன்றையும் விடவில்லை. அழுகையும் வந்துவிட்டது.

"பெரியவங்க இல்லாம நான் ஊசி போடக்கூடாது," என்றார். "நீங்க இருங்க. நானும் வீட்டுக்கு வாறேன்."

கிளினிக் முடிந்ததும் தம்பியைத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு மிஸ்ஸி மலையேறினார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலை முடிந்து, வாசலில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். சரமாரியாக அடி விழப்போகிறது என்று மிஸ்ஸியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். மிஸ்ஸி அந்த அட்டையை அப்பாவிடம் நீட்டினார்.

அப்பாவுக்கும் சிங்களம் வாசிக்கத் தெரியாது. ஆனால் அதன் நிறத்தைப் பார்த்ததுமே கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"இத அன்னைக்கே தூக்கிப் போடச் சொன்னேனே," என்றார்.

"அம்மாவுக்கு எப்படி மனசு வரும்?" என்றார் மிஸ்ஸி. "அந்தப் பிள்ளைக்குப் பிறக்கும்போதே ஹார்ட்ல ஓட்டை. ஊசினால இல்ல. கண்டியில டாக்டர் உங்களுக்குச் சொன்னாரு தானே?"

"சொன்னாரு மிஸ்ஸி. தெரியும். ஆனா நாந்தானே தூக்கிட்டு வந்தேன். திமிறுனா. நாந்தான் இந்தக் கையால அமுக்கிப் புடிச்சிக்கிட்டிருந்தேன்."

"இந்தப் பிள்ளைக்கு ஹார்ட் நல்லாயிருக்கு. டாக்டர் பார்த்திருக்காரு. ஆனா அம்மை வந்தா?"

மிஸ்ஸி தம்பியை அவர் மடியில் வைத்தார்.

"வாற புதன்கிழமை கிளினிக் இருக்கு. நீங்களே தூக்கிட்டு வாங்க."

அவர்கள் வேறு யாரோ வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே நான் நினைத்தேன். அடி விழவில்லை என்ற சந்தோஷத்தில் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவும் இல்லை.

புதன்கிழமை அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மிஸ்ஸி ஊசியை எடுத்ததும் அப்பா தம்பியை என் மடியில் வைத்து, "நீ புடிச்சிக்க" என்றார். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவ்வளவு பெரிய மனிதருக்கு ஊசியைப் பார்க்கவே பயம் என்று அன்று மாலையே அத்தையிடம் சொல்லிச் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. போய் முகத்தைக் கழுவு என்றார்.

எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு தங்கை இருந்தாள் என்பதை அம்மா எனக்குச் சொன்னபோது எனக்குப் பதினாலு வயது. அவள் பிறந்தபோது எனக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. ஒன்பதாம் மாத ஊசிக்கு அவளை அப்பாதான் தூக்கிப் போனார். ஊசி போட்ட ஒன்பதாம் நாள் அவள் இறந்துபோனாள். இதயத்தில் ஓட்டை இருந்ததைக் கடைசியில்தான் கண்டுபிடித்தார்கள். ஊசிக்கும் அவள் போனதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு தரம் சொன்னாராம். அப்பாவும் சரி சரி என்று கேட்டுக்கொண்டாராம். அவளுடைய சாமான் ஒன்றுகூட வீட்டில் இருக்கக்கூடாது என்று அப்பா சொல்ல, அம்மா அட்டையை மட்டும் ஒளித்துவிட்டார். லயத்தில் பன்னிரண்டு வீட்டுக்கும் தெரிந்த விஷயம். என் காதுபட ஒருவரும் பேசியதில்லை.

அப்பா செய்தது தவறுதான். அடுத்த தோட்டத்தில் அம்மை இருக்கும்போது பிள்ளையை மரக்கறித் தோட்டத்துக் கோவாப் பாத்திக்குள் ஒளித்து வைத்தவரை எப்படி நியாயப்படுத்துவது? தம்பிக்கு அந்த மூன்று மாதத்தில் ஒன்றும் ஆகாதது எங்கள் அதிர்ஷ்டம். ஆனால் அவர் மேல் எனக்கு இப்போது கோபம் வருவதில்லை. அழுகைதான் வருகிறது.

ஊசி போட்ட மறுநாளிலிருந்து அப்பா வேலைக்குப் போகவில்லை. கங்காணி ஆள் அனுப்பினார், உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டார். தம்பியைப் பிள்ளைக்காம்பராவில் விடவில்லை. நாள் முழுக்க நெஞ்சில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தார். எனக்கு அது திருவிழா மாதிரி இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அப்பா வீட்டில் இருப்பார், ரொட்டி சுட்டு வைத்திருப்பார். எங்க அப்பா கந்தோர் உத்தியோகத்தர் மாதிரி லீவில் இருக்கிறார் என்று கூட்டாளிகளிடம் அளந்தேன். எட்டாம் நாள் தம்பிக்கு உடம்பு லேசாகச் சுட்டது. அப்படி வரலாம், பயப்பட வேண்டாம் என்று மிஸ்ஸி முன்னமே சொல்லியிருந்தார். இருந்தும் அப்பா வெறுங்காலோடு அவரைத் தேடி ஓடினார். மிஸ்ஸி வந்து பார்த்து, மருந்து கொடுத்துவிட்டுப் போனார். ஒன்பதாம் நாள் அப்பா எதுவும் சாப்பிடவில்லை. வெளியே நொண்டி விளையாட அவரைக் கூப்பிட்டேன். வரவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. தம்பி அப்பாவின் மீசையைப் பிடித்து இழுத்து விளையாடினான். அப்பா எழுந்து முகம் கழுவி, கத்தியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். லீவு முடிந்துவிட்டதே என்று நான் அவர் சாரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்பா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நிறுத்த முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பெற்ற மகள் அழுகிறாள், இந்த மனிதருக்குச் சிரிப்பு வருகிறதே என்று அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.